கட்டைக் கணக்கில் ஒரு கடற்கரை

மலேசியாவின் சி ரூசாவில் வயது முதிர்ந்த தமிழர் ஒருவரிடம் வழி கேட்டால் அவர் வீதியின் பெயரைச் சொல்ல மாட்டார். 'நாலாங்கட்டையத் தாண்டிப் போங்க', 'ஏழாங்கட்டைக்கு இந்தப் பக்கம்' என்றுதான் சொல்வார். போர்ட்டிக்சன் பட்டணத்தில் தொடங்கிக் கடலை ஒட்டியே தென்கிழக்காகச் செல்லும் சாலையில், ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் மைலுக்கு ஒன்றாக நட்டுவைத்த கற்கள்தாம் அந்தக் கட்டைகள். மலாய்க்காரர் கல்லின் பெயராலேயே 'பத்து' என்று குறித்ததை நம் ஜனங்கள் கட்டை என்று வழங்கினார்கள். மைல் கணக்குப் போய்க் கிலோமீட்டர் கணக்கு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தச் சொல் அழியவில்லை. இந்தக் கடற்கரையின் பூர்வீகத்தைச் சொல்லப் புகுந்த எனக்கு அந்தச் சொல்லே கைவிளக்காக இருக்கிறது; ஏனெனில், இவ்வூரின் சரித்திரத்தை எழுதியவர்கள் துறைமுகத்திலிருந்தும் மாளிகைகளிலிருந்தும் எழுதினார்கள்; கட்டையை எண்ணிக்கொண்டு நடந்தவர்களின் பக்கத்திலிருந்து எழுதியவர்கள் மிகச் சிலரே.

போர்ட்டிக்சன் மாவட்டம் ஐந்து முக்கிம்களாக, அதாவது வட்டங்களாக, பிரிக்கப்பட்டுள்ளது. அவற்றுள் ஒன்று சி ரூசா. மலாய் மொழியில் 'ரூசா' என்பது மானைக் குறிக்கும் சொல். 'சி' என்பது ஆளின் பெயருக்கோ பிராணியின் பெயருக்கோ முன்னால் செல்லமாகச் சேர்க்கும் அடைமொழி. ஒன்பது நாடுகள் என்று பொருள்படும் நெகிரி செம்பிலான் மாநிலத்துக்குச் சமுத்திரத்தைக் காட்டும் மாவட்டம் இது ஒன்றுதான். தலைநகராகிய சிரம்பானிலிருந்து சுமார் 32 கிலோமீட்டர் தென்மேற்கே வந்தால் மலாக்கா நீரிணை கண்ணில் படும். அங்கிருந்து தஞ்சோங் துவான் முனை வரையில் சுமார் 18 கிலோமீட்டர் நீளத்துக்குச் சிறு சிறு வளைகுடாக்களாகக் கரை நெளிந்து செல்கிறது. அலை பெரிதாக எழுவதில்லை. எதிரே சுமத்திரா தீவு நின்று காற்றைத் தடுத்துக்கொள்கிறது. கடலோரத்திலிருந்து சிறிது உள்ளே நடந்தால் நிலம் மெல்ல மேடாகி, அலை அலையான சிறு குன்றுகளாகப் பரவுகிறது. ரப்பருக்கு ஏற்ற பூமி அது. கரையில் உல்லாசமும் மேட்டில் உழைப்பும் என்று இப்பிரதேசத்தின் வாழ்க்கை இரண்டாக வகிர்ந்து கிடந்ததற்கு இந்தப் பூமியின் அமைப்பே மூலகாரணம்.

முதலில் பழங்காலத்தைச் சிறிது பார்ப்போம். லிங்கி ஆற்றுக்கு அருகே பெங்காலான் கெம்பாஸ் என்ற இடத்தில், வாள் என்றும் சுக்கான் என்றும் கரண்டி என்றும் ஜனங்கள் பெயரிட்டழைக்கும் நெடுங்கற்கள் நிற்கின்றன. பக்கத்திலேயே ஷேக் அகமது மஜ்னுன் என்பவரின் சமாதி. அதன் கல்லில் ஜாவி எழுத்தும் பழைய காவி எழுத்தும் சேர்ந்து பொறிக்கப்பட்டுள்ளன. அதன் காலம் 1467-ஐ ஒட்டியது. தெற்கிலிருந்து பரவிய பல்லவ எழுத்தின் வழியில் வந்ததே காவி எழுத்து என்பதை எண்ணும்போது, நம் மூதாதையர் பால்வாளியோடு இந்த மண்ணுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, நம் கரையில் பிறந்த எழுத்தின் வம்சம் இங்கு வந்து கல்லில் ஏறிவிட்டது என்ற நினைவு மனத்தை நெகிழச் செய்கிறது.

கரையின் கடைக்கோடியிலுள்ள தஞ்சோங் துவானுக்குப் போர்த்துக்கீசியர் காபோ ரச்சாடோ, அதாவது பிளவுண்ட முனை என்று பெயரிட்டனர். நிலம் நெகிரி செம்பிலானோடு ஒட்டிக்கிடந்தாலும் அம்முனை மலாக்கா மாநிலத்துக்கு உரியது. 1606 ஆகஸ்டில், மலாக்காவை முற்றுகையிட்டிருந்த மாத்தலீஃப் என்ற டச்சுத் தளபதியின் கப்பல்களும், கோவாவிலிருந்து ராஜப்பிரதிநிதி மார்த்தின் அஃபோன்சோ தெ காஸ்த்ரோ நடத்தி வந்த போர்த்துக்கீசியக் கடற்படையும் இந்த முனையை ஒட்டிய கடலில் மோதின. பக்கத்துக்கு இரண்டாக நான்கு பெரிய கப்பல்கள் தீக்கும் நீருக்கும் இரையாயின. அவற்றுள் ஒன்றாகிய நாசாவ் என்ற டச்சுக் கப்பலின் சிதைவு 1990-களில் கடலடியில் கண்டெடுக்கப்பட்டது. அதிலிருந்து எடுத்த பொருள்களை லுக்குட் அருங்காட்சியகத்தில் காணலாம். முனையின் மேட்டில் இன்று நிற்கும் கலங்கரை விளக்கக் கோபுரம் 1863-ல் எழுந்தது.

லுக்குட்டின் கதை வெள்ளீயத்தின் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சீனத் தொழிலாளர்கள் அங்கு ஈயம் தோண்டினார்கள். வரி வாங்குவதில் எழுந்த மனக்கசப்பு முற்றி, 1834-ல் அவ்விடத்துத் தலைவரும் குடும்பத்தினரும் கொலையுண்டனர். பின்னர்ப் பொறுப்பேற்ற ராஜா ஜுமாத் 1847-ல் புக்கிட் காஜா மாத்தியில், அதாவது யானை இறந்த குன்றில், கோட்டை கட்டி, சாலை போட்டு, லுக்குட்டை அந்நாளில் பெயர் பெற்ற ஊராக்கினார். கோலாலம்பூரின் கபிட்டானாக, அதாவது சீனர் தலைவராக, பிற்காலத்தில் புகழடைந்த யாப் ஆ லோய், இளமையில் பிழைக்க வந்து சேர்ந்த இடங்களில் லுக்குட்டும் ஒன்று. 1864-ல் ராஜா ஜுமாத் காலமானபின் அந்தச் சுபிட்சம் குன்றியது. 1880-ல் லுக்குட், சிலாங்கூரிடமிருந்து, சிரம்பானைச் சூழ்ந்த சுங்கை ஊஜோங் நாட்டின் கைக்கு மாறியது.

இனிப் போர்ட்டிக்சனுக்கு வருவோம். அதற்கு முன்பு இருந்த பெயர் ஆராங், அதாவது கரி. சுங்கை ஊஜோங்கின் ஈயம் அதுவரை லிங்கி ஆற்று வழியாகவே கடலை அடைந்தது. சுரங்கங்களிலிருந்து கழுவிவிட்ட மணல் ஆற்றைத் தூர்த்துக்கொண்டே வந்தது. வழிநெடுகச் சுங்கம் கேட்டவர்களின் தொல்லை வேறு. ஆகவே கப்பல் கரையருகே வந்து நிற்கத்தக்க ஆழமுள்ள ஒரு துறையைத் தேடிய அதிகாரிகள் ஆராங்கைத் தேர்ந்தெடுத்து, அந்நாளில் நீரிணைக் குடியேற்றங்களின் காலனிச் செயலாளராக இருந்த சர் ஜான் ஃபிரெடரிக் டிக்சனின் பெயரை அதற்கு இட்டனர். அவர் இலங்கையில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்தவர். பாலி மொழி பயின்று பௌத்தத் துறவியரின் விதிநூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். 1891-ல் சிரம்பானுக்கும் துறைமுகத்துக்கும் இடையே சுமார் 39 கிலோமீட்டர் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதைப் போட்டது அரசாங்கம் அன்று, ஒரு தனிக் கம்பெனி. நிலையங்களிலும் கணக்கறைகளிலும் யாழ்ப்பாணத்துத் தமிழர் அமர்ந்து வேலை பார்த்ததும், பாதையிலும் சாலையிலும் தென்னாட்டுத் தமிழர் மண்வெட்டி பிடித்ததும் மலாய் நாட்டின் ரயில் சரித்திரம் முழுவதும் காணப்படும் காட்சி.

துறைமுகத்தின் செழிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. 1901-ல் கிள்ளான் ஆற்றுமுகத்தில் போர்ட் சுவெட்டன்ஹம் திறக்கப்பட்டதும், பெரிய கப்பல்களும் பெருவியாபாரமும் அங்கே திரும்பின. சரக்கு குறையக் குறைய, போர்ட்டிக்சன் காற்று வாங்கும் ஊராக மாறியது. துரைமார்களுக்கும் உத்தியோகஸ்தர்களுக்கும் கடலோரத்தில் பங்களாக்கள் எழுந்தன. அந்தப் பங்களாக்களின் வராந்தாவிலிருந்து பார்த்தால் தெரிவது கடல். முதுகுப்புறத்தில், மூன்று நான்கு கட்டைக்கு உள்ளே, வேறோர் உலகம் தோன்றிக்கொண்டிருந்தது.

இலங்கையில் காப்பி நோயால் அழிந்தபின், அங்கே அனுபவம் பெற்ற வெள்ளைக்காரர் சிலர் சுங்கை ஊஜோங்குக்கு வந்து லின்சம் முதலிய இடங்களில் காப்பி பயிரிட்டனர். பிரேசில் நாட்டுக் காப்பி உலகச் சந்தையை நிறைத்து விலையை வீழ்த்தவே, அவர்கள் ரப்பருக்கு மாறினர். அண்டையிலுள்ள மலாக்காவில் 1896-ல் தான் சே யான் என்ற சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைத் தோட்டப் பயிராக வைத்துக் காட்டியிருந்தார். மோட்டார் வண்டியின் சக்கரம் உலகமெங்கும் உருளத் தொடங்கியதும், 1910-ல் ரப்பரின் விலை வரலாறு காணாத உச்சத்தைத் தொட்டதும், லுக்குட்டிலிருந்து லிங்கி வரையில் காடு விழுந்து பால்மரம் எழுந்தது. சுவா பெத்தோங், சுங்கை சாலாக், செங்காங், செயிண்ட் லியோனார்ட் எனத் தோட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு பரவின.

மரம் நட்டால் மட்டும் போதுமா? வெட்டக் கை வேண்டுமே. ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் நிறுத்தப்பட்டது; அதற்கு முன்னரே கங்காணி முறை வேரூன்றிவிட்டது. கங்காணி தன் சொந்தக் கிராமத்துக்கே திரும்பிப் போய், உறவினரையும் அக்கம்பக்கத்தாரையும் திரட்டிக்கொண்டு வருவான். 1907-ல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதியிலிருந்து கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், ஆர்க்காடு ஜில்லாக்களிலிருந்து வந்தவர்கள் ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ முகாமில் காத்திருந்து, கப்பலின் மேல்தட்டில் அடைந்து கிடந்து, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹமிலோ இறங்கி, தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் நாள்களைக் கழித்து, அதன்பின்னரே தோட்டத்தின் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, வந்து சேர்ந்தனர். கைத்தொழில் தெரியாத கூலிகள் அரசு உதவியோடு கப்பலேறுவதை 1938-ல் இந்திய சர்க்கார் தடுத்தது. அதன்பின் ஊரும் தோட்டமும் ஒன்றையொன்று கடிதத்தில் மட்டுமே கண்டுகொண்டன.

பால்மரம் வெட்டுவதை எளிய வேலை என்று எண்ணுவோர் உண்டு. அதைக் கிட்ட நின்று பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். விடியற்காலை இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, போய் நிற்கவேண்டும். கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிடுவார். மேற்பார்வை பார்க்கும் மண்டோர், வெட்டவேண்டிய மர வரிசையாகிய நிரையைக் காட்டுவார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் நின்றுவிடும் என்பதால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓடவேண்டும். பட்டையில் முன்னாள் போட்ட கோட்டின் மேலேயே, இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும்படி, காசு கனத்துக்கும் குறைவாகச் சீவவேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. மிகுந்தால் கத்தி மரத்தின் உயிர்த்தோலைக் காயப்படுத்தி, அந்த இடம் கட்டி கட்டியாகப் புடைத்து, பின்னொரு நாளும் வெட்டுக்கு உதவாமல் போகும். என் தாயார் கத்தியை இழுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். சீவல் சுருண்டு விழுந்த பிறகே மூச்சு விடுவார். அவ்வாறு நாளொன்றுக்குச் சில நூறு மரங்கள். பிறகு மங்கு என்னும் கிண்ணங்களில் தேங்கிய பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் தோளேற்றி ஸ்டோருக்குச் சுமந்து வரவேண்டும். மழை வந்துவிட்டால் மங்கில் தண்ணீர் நிறைந்து அன்றைய பாடெல்லாம் வீண். ஆயாக்கொட்டகையில் விட்ட குழந்தையின் அழுகுரல் எந்த நிரையிலிருந்து கேட்டாலும், அது தன் குழந்தையா அன்றா என்று பெண்கள் கண்டுகொள்வார்கள் என்று தாயார் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

தீபாவளிக்கு மறுநாள் தோட்டத்து லாரி ஜனங்களை ஏற்றிக்கொண்டு தெலுக் கெமாங் கடற்கரைக்குப் போகும். புளிச்சாதமும் நெத்திலிச் சம்பலும் கட்டிக்கொண்டு போவோம். பிள்ளைகளாகிய நாங்கள் தண்ணீரில் குதித்துக் கூத்தாடுவோம். என் பாட்டி மட்டும் மரத்தடியில், கடலுக்கு முதுகைக் காட்டியபடியே உட்கார்ந்திருப்பார். 'ஏன் பாட்டி, கடலப் பாக்க வேணாமா?' என்று ஒருநாள் கேட்டேன். 'பாத்தது போதும் சாமி' என்றார். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர், வழியில் என்ன கண்டார், யாரை இழந்தார் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. கேட்க வேண்டிய வயதில் நானும் கேட்கவில்லை. விடுமுறைக்கு இத்தனை ஜனங்கள் ஆசையோடு தேடி வரும் அதே கடலை, அந்த அம்மையாரைப்போல் திரும்பிப் பாராதவர்களும் இக்கரையில் வாழ்ந்தார்கள் என்பதை எந்தச் சுற்றுலாக் கையேடும் சொல்லாது. ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்.

1933 மார்ச் 1-ஆம் தேதி, 25 மலாய் இளைஞர்களைக் கொண்டு மலாய் ரெஜிமெண்ட் போர்ட்டிக்சனில் தொடங்கப்பட்டது. இன்றைய மலேசியத் தரைப்படையின் விதை அது. அதனால்தான் தரைப்படை அருங்காட்சியகம் சி ரூசாவில் இருக்கிறது. அந்த ரெஜிமெண்டின் வீரர்கள் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரின் புக்கிட் சண்டுவில் கடைசி வரை நின்று போரிட்டு மாண்ட செய்தி தேசம் அறிந்தது. ஜப்பானியர் ஆட்சியில் தோட்டத்துத் தமிழருக்கு வந்த பேரிடரோ நீண்ட காலம் வீட்டுக்குள்ளேயே அழுது தீர்க்கப்பட்டது. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட, நல்ல சம்பளம் என்று ஆசை காட்டியும், பிற்பாடு பலவந்தமாகவும், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டு போனார்கள். பேதியும் மலேரியாவும் பசியும் அவர்களை மூங்கில் கொட்டகைகளில் வரிசையாகக் கிடத்தின. வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்கு அங்கே பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் இந்தியப் படைகள் மோரிப்பிலும் போர்ட்டிக்சனிலும் கரையிறங்கின. அந்தப் படைகள் வந்த பிறகும், சயாமுக்குப் போன புருஷன் வருவான் என்று லயத்து வாசலில் காத்திருந்த பெண்கள் உண்டு.

போருக்குப் பின் தோட்டத்து ஜனங்கள் தலைநிமிரத் தொடங்கினார்கள். நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கிய பி. பி. நாராயணன், 1954-ல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச் செயலாளரானார். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பியபோது, தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கும் எண்ணத்தோடு 1960-ல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அந்த எண்ணம் உதிக்கப் பத்தாண்டு முந்தியிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் லயத்தை விட்டு இறங்கும்போது வெறுங்கையோடு இறங்கியிருக்க மாட்டா என்பது என் தீர்மானமான கருத்து.

1960-களின் முற்பகுதியில் போர்ட்டிக்சன் கரையில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. மேட்டில் ரப்பர் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. பிறகு செம்பனையும் பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்களுக்கு வழிவிட்டது. ஆயினும் ஒரு விசேஷம்: தோட்டம் கைமாறிய பின்னும் தமிழ்ப்பள்ளியின் பெயரில் தோட்டம் நிலைத்திருக்கிறது. சுவா பெத்தோங் தோட்டத் தமிழ்ப்பள்ளி, சுங்கை சாலாக் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று இன்றைய குழந்தைகள் தம் புத்தக அட்டையில் எழுதும்போது, பால்மரத்தையே கண்டிராத அந்தக் கைகள் பாட்டன் பாட்டியின் முகவரியை எழுதுகின்றன.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் காணத்தக்கவை பல உள்ளன. லுக்குட்டில் கோட்டையும் அருங்காட்சியகமும் பார்க்கலாம். சி ரூசாவில் படையின் சரித்திரத்தைப் பார்க்கலாம். பெங்காலான் கெம்பாஸில் கற்களை வணங்கலாம். இவையனைத்திலும் என் மனத்தைக் கொள்ளைகொள்வது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையில் தஞ்சோங் துவானில் நிகழும் பருந்துகளின் வருகை. குளிர்காலத்தைச் சுமத்திராவில் கழித்துவிட்டு வடதிசையிலுள்ள தம் பிறப்பிடத்துக்குத் திரும்பும் தேன்பருந்துகள், நீரிணை குறுகியிருக்கும் இவ்விடத்தைத் தேர்ந்து கடலைத் தாண்டுகின்றன. கடலின் மேல் அவற்றைத் தூக்கிவிடும் வெப்பக் காற்று கிடையாது. ஆதலால் சிறகை அடித்து அடித்துக் களைத்து, கரை சேரும்போது மரத்தின் உச்சியைத் தொடுமளவு தாழ்ந்து வருகின்றன. கலங்கரை விளக்கத்தின் கீழே நின்றால் அவற்றின் மார்பின் கோடுகள்கூடத் தெரியும். முனையின் காட்டை அடைந்ததும், சூடேறிய நிலத்தின் காற்று அவற்றை ஏந்திக்கொள்கிறது. சிறகசைக்காமலே வட்டமிட்டு வட்டமிட்டு உயர்ந்து, வடக்கே மறைகின்றன.

தோட்டத்து மக்களின் வாழ்வை விஸ்தாரமாகச் சொல்லும் காட்சிசாலை ஒன்றை இவ்வட்டாரத்தில் நான் கண்டதில்லை. அது எழும்வரை காத்திருக்க அவகாசமில்லை; லயத்தில் பிறந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். ஆகவே, இதை வாசிக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: உங்கள் வீட்டில் தோட்டம் கண்ட பெரியவர் இருப்பாரானால், வருகிற ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஜில்லா, எந்தக் கிராமம், எந்தத் துறையில் கப்பலேறினார்கள், கங்காணியின் பெயர் என்ன, எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம், பட்டணத்திலிருந்து அது எத்தனையாவது கட்டை என்று கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வையுங்கள். என் பாட்டியைப் பற்றி நான் எழுத முடிந்தது மேலே உள்ள சில வரிகள் மட்டுமே.